கம்பி கட்டினேனா?

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியபோதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. காற்றாடியின் போல்ட்டை இறுக்கியது நினைவிருக்கிறது. இறுக்கிய பிறகு கம்பி கட்டினேனா?

என் கணவர் உப்பளத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்பவர். மழைக்காலத்தில் பாத்திகளெல்லாம் முழுகிவிடும், வேலை இருக்காது. அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. உடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய காரின் இன்ஜினைக் கொண்டுவந்து, தட்டையான படகின் பின்பக்கம் ஏற்றி, ஆள் உயர மரக் காற்றாடியை மாட்டினார். கழுவெளி ஏரியில் தண்ணீர் முழங்கால் ஆழம்தான், அடியெல்லாம் பாசி. சாதாரண மோட்டார் படகு சிக்கிக்கொள்ளும். இது காற்றைத் தள்ளிக்கொண்டு ஓடும். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, வானூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறவள். காற்றாடியை இன்ஜினோடு பிடித்து நிறுத்துகிற அந்த ஒற்றை போல்ட் என் பொறுப்பு.

முந்தின நாள் சாயங்காலம், பட்டறையில் கேட்டு வாங்கிவந்த டார்க் ரெஞ்சால் அதை இறுக்கினேன். இறுக்கம் போதும் என்று அது 'டக்'கென்று சத்தம் கொடுத்ததும் நிறுத்தினேன். அடுத்து, போல்ட் தலையில் இருக்கும் துளையில் கம்பியைக் கோத்து முறுக்கி, காற்றாடியின் நடுவில் இருக்கும் ஹப்போடு கட்ட வேண்டும். இன்ஜின் அதிர்வில் போல்ட் தானாகக் கழலாமல் இருக்க அதுதான் காவல். அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. அத்தை, என் மாமியார், "ஏம்மா, துணியெல்லாம் நனையுது பாரு" என்று கத்தினார். மாடிக்கு ஓடினேன். திரும்பி வந்தது நினைவிருக்கிறது. கம்பியைத் தொட்டது நினைவில் இல்லை.

இப்போது அந்தப் படகில் கணவரோடு அத்தையும் போயிருந்தார். "இது மெதக்கவே மெதக்காதுடா" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், முதல் ஆளாக ஏற வேண்டும் என்று பூசையையே விட்டுவிட்டார்.

பக்கத்தில் இருந்த பெண் என் காலைப் பார்த்தாள். ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். முந்தானைக்குள் மறைத்துக் கணவருக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? பிரசங்கம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது நானும் எழுந்தேன், அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

ஸ்கூட்டியை உப்பள வரப்பில் விட்டேன். ஈரச் சேற்றில் இரண்டு முறை சறுக்கியது. பாதிக்கு மேல் ஓட்ட முடியாமல், அங்கேயே சாய்த்துப் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கரைக்குப் போனபோது படகு தூரத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் அத்தை ஒரு கையால் தலை முக்காட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கணவர் பார்த்துவிட்டார். நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்து, கையை ஆட்டிவிட்டு, இன்னும் வேகம் கூட்டி ஒரு பெரிய வட்டம் போட்டார். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். உடனே வேறொரு பயம் வந்தது. ஓடுகிறவரை காற்றாடி தன்னையே இன்ஜின் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். போல்ட் தளர்ந்திருந்தால், வேகத்தைக் குறைக்கிற நேரத்தில்தான் அது பின்னால் கழன்று வரும். கையை இறக்கிவிட்டேன். நிறுத்தச் சொல்வதா, ஓடச் சொல்வதா என்று தெரியாமல் சேற்றில் இங்கும் அங்கும் நடந்தேன்.

அவராகவே கரைக்கு வந்து இன்ஜினை அணைத்தார். காற்றாடி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

கம்பி இருந்தது. நன்றாக முறுக்கி, முனையை மடக்கிக்கூட விட்டிருந்தேன். ஆனால் தப்பான பக்கம். கம்பி எப்போதும் போல்ட்டை இறுக்குகிற திசையில் இழுத்தபடி இருக்க வேண்டும். நான் அவிழ்க்கிற திசையில் கட்டியிருந்தேன்.

"பூசை முடிஞ்சிடுச்சா?" என்றார் கணவர்.

"கம்பிய மாத்திக் கட்டிட்டேங்க."

அவர் வந்து குனிந்து பார்த்தார். "போல்ட் அசையவே இல்லியே. அப்புறம் என்ன?"

"அசையலதான். அது என் சாமர்த்தியம் இல்ல."

அவர் படகிலிருந்த பெட்டியைத் திறந்து, இடுக்கி, ரெஞ்ச், கம்பி எல்லாம் எடுத்து நீட்டினார். பழைய கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, போல்ட்டை மறுபடியும் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன், டக்கென்றது. புதுக் கம்பியைக் கோத்தேன். அதிகமாக முறுக்கியதில் முதல் கம்பி அறுந்தது, இரண்டாவதுதான் நின்றது. விரலால் சுண்டிப் பார்த்தேன். திரும்பவும் சுண்டினேன்.

"எத்தினி வாட்டி பாப்ப? ஏறு, இன்னொரு ரவுண்டு போலாம்" என்றார் அத்தை.

"உங்களுக்கு பயமா இல்லியா அத்த?"

"எனக்கு எதுக்கு பயம்? நீதான போல்ட்ட இறுக்கின."

அந்தச் சொல் என்னைக் குத்தியது. ஏறினேன். போல்ட் காற்றாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. சத்தத்தை மட்டும்தான் கேட்க முடியும். அத்தை பூநாரைக் கூட்டத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஜின் பக்கமாகக் காதை வைத்துக்கொண்டு, கரை வருகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.