பெட்டி முந்திப் போன பயணம்

எங்கள் அண்ணை ஒரு கொம்பனிக்குப் பெரிய துரையாவது என்று தீர்மானித்தபோது அவருக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஒன்பது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்க இன்னும் சில வருடங்கள் இருந்தன. இணுவிலில் அந்த நாட்களில் ஆண்பிள்ளைகளுக்கு அதிகம் வழிகள் இல்லை. நன்றாகப் படித்தவன் கவுண்மேந்துக் கிளாக்கர் ஆவான். கொஞ்சம் குறையப் படித்தவன் வாத்தியார் ஆவான். படிப்பு ஏறாதவன் தகப்பனுடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பான். துரையாவது என்பதை எவரும் ஒரு வழியாக நினைத்ததில்லை. துரைமார் சீமையில் பிறந்து கப்பலில் வருகிறவர்கள்.

கல்லூரிக்கு வந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், கொழும்புத் தேயிலைக் கொம்பனி ஒன்றின் பெரிய துரை பத்தொன்பது வயதில் சாதாரணக் கிளாக்கராகச் சேர்ந்து படிப்படியாக மேலே ஏறியவர் என்று எழுதியிருந்ததாம். படிப்படியாக என்ற சொல் அண்ணைக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு பெரிய கடதாசியில் அடிமட்டம் வைத்து ஏணி ஒன்று கீறினார். அதில் பதினொரு படி. முதற்படி சீனியர் சோதினை, இரண்டாவது சுருக்கெழுத்து, மூன்றாவது கொம்பனியில் கடைசிக் கிளாக்கர். அப்படியே தலைமைக் கிளாக்கர், உதவித் துரை என்று ஏறி, பதினோராவதில் பெரிய துரை. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் வருடம் போட்டிருந்தார். ஏழாம் படிக்கும் எட்டாம் படிக்கும் இடையில் மட்டும் வருடம் இல்லை. அதற்கு மேலே எங்கள் நிறத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்த இடத்தில் சிறிய எழுத்தில், 'இதற்கு வழி பின்னர் யோசிக்கப்படும்' என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடதாசியை என்னுடைய புத்தகப் பையில்தான் வைத்திருந்தோம். வீட்டில் அதை நம்பிய ஒரே ஆள் நான். ஆகவே கொம்பனியின் முதல் உத்தியோகத்தரும் நானே. வெளி அறைதான் ஆபீஸ், எங்கள் பேச்சில் கந்தோர்; அங்கே அண்ணை மேசைக்குப் பின்னால் இருப்பார். நான் கதவில் தட்டி, உத்தரவு வந்த பிறகு உள்ளே போய், கையைக் கட்டாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். கையைக் கட்டுவது கோயிலுக்குத்தானாம், கந்தோருக்கு அல்லவாம். ஒருநாள் அவர் தண்ணீர் கேட்டது சரியாகக் காதில் விழாமல் "என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

"துரைமார் ஒரு சொல்லை ரெண்டுதரம் சொல்லமாட்டினம்," என்று சொல்லி அண்ணை என்னை வேலையால் நிற்பாட்டினார். பின்னேரம் அம்மா தலையிட்டுத் திரும்பச் சேர்த்துவிட்டாள்.

அம்மாவுக்கு வேறு கவலை. அண்ணை பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். சீனி போட்டு, சத்தம் கேளாமல் கரண்டியால் கலக்கப் பழகினார். "உவன் துரையாகிறதுக்கிடையிலை என்ரை கோப்பை எல்லாம் உடைஞ்சு போடும்," என்பாள் அம்மா. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பதினோராம் படி ஏறிய அன்று என்னை மோட்டார்க் காரில் ஏற்றிக் கொழும்புக் கடற்கரையைக் காட்டுவதாக அண்ணை வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் இரண்டு படிகளையும் சொன்ன வருடத்திலேயே ஏறினார். மூன்றாம் படிக்கு மனுப் போட்டார். ஒருநாள் கொழும்பிலிருந்து தடித்த கடித உறை வந்தது. ஒரு புதன்கிழமை காலை, அத்தாட்சிப் பத்திரங்களோடு கந்தோருக்கு நேரில் வரச் சொல்லி எழுதியிருந்தது.

கடிதம் வந்த மறுநாளே மாமியும் வந்தாள். மாமி எங்கள் ஐயாவின், அதாவது தகப்பனாரின், தங்கை. சுன்னாகத்தில் ஸ்டேசனுக்குக் கிட்ட வீடு. மாமியின் மகனுக்கு எங்கள் அக்காவையும், மாமியின் மகளுக்கு அண்ணையையும் கொடுப்பதாக இரண்டு வீட்டாரும் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். மாற்றுக் கலியாணம். ஒரு பந்தலுக்குள் இரண்டு சடங்கு, சீதனம் இந்தப் பக்கமும் கேட்பதில்லை, அந்தப் பக்கமும் கேட்பதில்லை. அக்காவுக்கு இருபத்திரண்டு வயது முடிந்திருந்தது. மச்சான் வீட்டுக்கு வரும் நாட்களில் அவள் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். ஆனால் அந்த நாட்களில் மட்டும் கறிக்கு உப்புச் சரியாக இருக்காது.

"கொம்பனிக்காரனுக்குப் பெட்டையைக் குடுக்கேலாது அண்ணை," என்று மாமி ஐயாவிடம் சொன்னாள். "கவுண்மேந்தெண்டால் பென்சன் இருக்கு. உது, துரை காலமை கோவிச்சால் பின்னேரம் வீட்டை வரவேண்டியதுதான்."

"அப்ப மற்றச் சடங்கு?" என்று ஐயா கேட்டார்.

"ரெண்டும் ஒரு பந்தலிலை எண்டுதானே கதைச்சது. ஒண்டு இல்லையெண்டால் மற்றதும் இல்லை."

மாமி கோபமில்லாமல்தான் சொன்னாள். தேத்தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டு, என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் அக்கா அண்ணையைக் கூப்பிட்டு, "தம்பி, நீ போ. என்னைப் பாத்து நிக்காதை," என்றாள். அண்ணையின் சப்பாத்தை அவளே எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

ஐயா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்தார். புதன்கிழமை கந்தோரில் நிற்கவேண்டுமானால் செவ்வாய்க்கிழமை காலை ரயிலில், கோச்சியில், ஏறவேண்டும். அந்தச் செவ்வாய் அட்டமியாக இருந்தது. ஆனால் அதற்கும் எங்கள் ஆட்கள் வழி வைத்திருந்தார்கள். பயணம் போகும் நாள் கூடாதென்றால், அதற்கு முன் வரும் நல்ல நேரத்தில் பெட்டியை வீட்டைவிட்டு வெளியேற்றி, போகும் வழியிலுள்ள உறவுக்காரர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பெட்டி புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. பிறகு ஆள் எந்தக் கெட்ட நேரத்திலும் போகலாம், தோஷம் அவனைத் தேடி ஏமாந்துவிடும். ஆள் வந்து எடுக்கும்வரை வைத்த பெட்டியைத் திறக்கக்கூடாது, வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரவும் கூடாது. ஸ்டேசனுக்குப் போகும் வழியில் எங்களுக்கு இருந்த ஒரே உறவு மாமி வீடுதான்.

அக்கா தகரப்பெட்டியை அடுக்கினாள். கோட்டு, சப்பாத்து, அத்தாட்சிப் பத்திரங்கள், வழிச்சாப்பாட்டுக்குப் பருத்தித்துறை வடை. ஞாயிறு காலை நல்ல நேரத்தில் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போன வண்டிலில் ஐயாவும் நானும் பெட்டியோடு போனோம். மாமி இரண்டு கையாலும் பெட்டியை வாங்கி உள்ளறையில் வைத்து, விபூதி பூசினாள்.

செவ்வாய் விடிய அண்ணையும் நானும் நடந்தே போனோம். மூன்று பேராகப் போகக்கூடாது என்று ஐயா வீட்டில் நின்றுவிட்டார். கோச்சி பார்க்க வேண்டுமென்று அழுது அந்த இடத்தை நான் பிடித்துக்கொண்டேன். அண்ணை வேட்டியும் செருப்புமாக வந்தார். மாமி வீட்டில் உடுப்பு மாற்றிக்கொண்டு ஏறுவதாகத் திட்டம்.

மாமி வீட்டுப் படலை திறந்து கிடந்தது. வீட்டுக் கதவில் ஆமைப்பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அவையள் எல்லாரும் கோயிலுக்குப் போட்டினம் தம்பி. உம்மடை பேரிலை அருச்சனையாம்," என்றாள். மாமி வேண்டுமென்றே போனாள் என்று சொல்வது பாவம். இல்லை என்று சொல்வது பொய்.

கோச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. அண்ணை பூட்டைப் பார்த்தார். பிறகு கிணற்றடிப் பக்கம் பார்த்தார். பிறகு வெளியே வந்து, படலைக்கு முன்னால் இருந்த மதகில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

மாமி வீட்டுத் திறப்பு, அதாவது சாவி, எங்கே இருக்குமென்று எனக்குத் தெரியும். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் துலாவைத் தாங்கி நிற்கும் துலாக் காலில் இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து இருக்கிறது. வீட்டார் எல்லாரும் வெளியே போனால் திறப்பை அதற்குள்தான் வைப்பார்கள்.

"அண்ணை, திறப்பு துலாக் காலுக்கை இருக்கும். நான் எடுத்துக்கொண்டு வாறன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை, தெரியும்," என்றார்.

கொம்பனியில் ஒரு சொல்லை இரண்டுதரம் கேட்க முடியாது. சந்தைக்கு மரக்கறி வண்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கோச்சி வந்த சத்தம் கேட்டது, நின்றது, ஊதிக்கொண்டு புறப்பட்டது. சத்தம் நன்றாகத் தேய்ந்த பிறகுதான் என் கையை விட்டார். விரல்கள் நொந்தன.

மாமி அருச்சனைத் தட்டோடு வந்து, "கோச்சி போட்டுதே தம்பி?" என்று கேட்டாள். "ஓம் மாமி," என்றார் அண்ணை. அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய்த் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தாள். எங்களுக்குப் புட்டும் வாழைப்பழமும் வைத்தாள். திறப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எனக்கு அண்ணையின் மேல் கோபம் கோபமாக வந்தது. எழும்பிப் பத்து அடி நடக்கப் பஞ்சிப்பட்டு என்னுடைய மோட்டார்க் காரை இழந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் அண்ணை கவுண்மேந்துச் சோதினை எழுதிச் சித்தியடைந்து யாழ்ப்பாணத்துக் கச்சேரியில் கிளாக்கர் ஆனார். அதற்கு அடுத்த வருடம் ஒரே பந்தலில் இரண்டு சடங்கும் நடந்தன. திருப்பிக் கொண்டுவரக்கூடாது என்றபடியால் தகரப்பெட்டி அதுவரை மாமியின் உள்ளறையிலேயே இருந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் குடிபோக வேண்டும். அண்ணை போனபோது அவருடைய சப்பாத்து அங்கே முன்கூட்டியே போயிருந்தது. பென்சன் எடுத்து, பேரப்பிள்ளை கண்டு, அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். துலாக் காலில் அந்தப் பொந்தைச் சின்ன வயதில் விளையாடும் போளைக் குண்டுகளை ஒளிப்பதற்காகத் தோண்டியதே அண்ணைதான் என்று செத்தவீட்டன்று மச்சான் சொன்னார்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுக்குத் திரும்பியதும் ஐயா, "கோச்சி போட்டுதோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். அக்கா கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். மாமி வீடு பூட்டியிருந்த கதையை அவளுக்கு அண்ணை முன்னமே சொல்லியிருந்தார். நான் வயிற்றில் வைத்திருக்க முடியாமல் மிச்சத்தைச் சொன்னேன்.

"திறப்பு துலாக் காலுக்கை இருந்தது அக்கா. அண்ணை எடுக்கேல்லை."

"அவனுக்கு அது ஞாபகம் வந்திராது."

"இல்லை. நான் சொன்னனான். தெரியும் எண்டவர்."

"தெரியும் எண்டவனோ?"

"ஓம். ஒருதரம்தான் சொன்னவர்."

அவள் கையிலிருந்த கயிறு நழுவி, வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணை துரையாக முடியாமற் போன கவலை என்னைப்போல அவளுக்கும் இருக்கிறது என்று கண்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டேன்.

"அழாதேங்கோ அக்கா. கோச்சி நாளைக்கும் வரும்தானே," என்று ஆறுதல் சொன்னேன்.