மூன்று ஞாயிறு ஓலை

பிள்ளைகளே, இதை வேறு யாராவது சிரித்துக்கொண்டே உங்களிடம் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். உங்கள் அம்மாவும் நானும் ஆறு வருடம் கல்யாணம் செய்யாமலே குடித்தனம் நடத்தினோம். பெரியவள் பிறந்து பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டாள். முதலில் இரண்டு வீட்டாருக்கும் சண்டை என்று சாக்கு. சண்டை ஓய்ந்த பிறகு என் அலட்சியம்தான்.

விம்கோ நகர் சபைக்குப் போகத் தொடங்கியதும் எனக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கக் கைநீட்ட ஆசை வந்தது. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள். போதகர் ஐயாவிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை.

"மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்போம் தம்பி. கல்யாணம் முடியிற வரைக்கும் தனியா இருங்க. வேதம் என்ன சொல்லுதுன்னு உங்களுக்கே தெரியும்."

இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ஆராதனையில் அறிவிப்பதுதான் ஓலை. சரி என்று துணிமணியைப் பையில் போட்டுக்கொண்டு, என்னோடு எண்ணூர் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனின் கொருக்குப்பேட்டை அறைக்குப் போனேன்.

"இன்னா மாமு, வூட்ல தொரத்திட்டாங்களா?"

"இல்லடா. கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

"யார?"

"அவளத்தான்."

குடித்துக்கொண்டிருந்த டீ அவனுக்கு மூக்கில் ஏறிவிட்டது.

இரண்டாம் ஓலை முடிந்த வாரம், ஒரு சாயங்காலம் கேஸ் சிலிண்டர் மாற்றிக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். நல்ல மழை பிடித்துக்கொண்டது. உள்ளே நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"மழ விடாது போலக் கீது. இன்னிக்கி இங்கியே இருந்துடறேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "ஆறு வருசமா கட்டிக்கலாம் கட்டிக்கலாம்னு கேட்டுகினு கெடந்தேன். அப்பவும் இதத்தான் சொன்ன, யாரு கேக்கப் போறாங்கன்னு. நான்தான்யா கேட்டேன்."

வேதத்தின் கட்டளை என்னைக் கட்டிப்போடத்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது இத்தனை வருடமும் உங்கள் அம்மா பக்கம் நின்று பேசியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். என் தலையில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டிவிட்டு, பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாம் ஞாயிறு வந்தது. ஆட்சேபணை உண்டா என்று ஐயா கேட்டார். சபையில் அதைச் சொல்ல நியாயம் உள்ளவள் ஒருத்திதான். பெண்கள் பக்கம் பார்த்தேன். அவளும் என்னையே பார்த்தாள். அவசரமே படவில்லை. பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டினாள்.