சொல்லாமல் தட்டிய சுவிட்ச்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போகும் சாலையோரம் எங்கள் வீடு. தூசி அடைத்து, காரின் பவர் விண்டோ கண்ணாடி பாதியிலேயே நின்றுவிட்டது.

“பெரம்பலூருல மெக்கானிக்கிட்ட விட்டுடலாங்க” என்றாள் மனைவி.

“காலமெல்லாம் பிசிக்ஸ் நடத்துனவனுக்கு மெக்கானிக் எதுக்கு? நீ கண்ணாடியைப் புடி.”

கதவின் உள்பக்க மூடியைக் கழற்றினேன். பேட்டரி இணைப்பை எடுக்கவில்லை. அவள் கண்ணாடியின் மேல் விளிம்பைப் பிடித்திருந்தாள். ஒயரைச் சொருகிவிட்டு, அவளிடம் சொல்லாமலே சுவிட்சைத் தட்டினேன். விருட்டென்று ஏறிய கண்ணாடி அவள் விரல்களைச் சட்டத்தோடு நசுக்கியது. பதற்றத்தில் மறுபடியும் ஏற்றும் பக்கமே அழுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “கண்ணாடி ஏறிடுச்சுங்களா, சார்?”

அவளுடைய இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. இப்போது பேட்டரி இணைப்பை எடுக்காமல் காரில் எதையும் கழற்றுவதில்லை. தினமும் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிறேன். பின்னல் இன்னும் கோணலாகத்தான் வருகிறது.