டிரம்முக்குள் பூசிய ஜெப எண்ணெய்

சபையில் இருக்கிற எல்லோருக்கும் எஸ்தரின் தோத்திரம். என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். அந்தப் பதில் முதலில் எனக்கு வண்டி வண்டியாகத் திட்டு வாங்கிக் கொடுத்தது. அப்புறம்தான் உயிரைக் காப்பாற்றியது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் தாசனை உங்களுக்குத் தெரியும். பிக்கப் ஓட்டுகிறவர். கிறிஸ்துமஸுக்கு மட்டும் சபைக்கு வருகிறவர். எங்கள் பிழைப்பு ஒரு கேரவன் ட்ரெய்லர். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. மலை பார்க்க வருகிறவர்கள் அதில் தங்குவார்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த ஒருவர் ஆசைப்பட்டுச் செய்வித்து, இந்த மலையில் இழுக்கப் பயந்து எங்கள் கையில் கொடுத்துவிட்டார். மற்ற ட்ரெய்லர்களை வண்டியின் வாலில் மாட்டுவார்கள். இதற்கு பிக்கப்பின் தொட்டி நடுவிலேயே ஒரு வட்டத் தட்டு இருக்கும். ட்ரெய்லரின் கழுத்து நீண்டு வந்து அதன்மேல் கோழி மாதிரி உட்காரும். முதல் தடவை பார்த்தபோது நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இது எப்படித் திரும்பும், எப்படி நிற்கும் என்று நான் ஓயாமல் கேட்டதில் தாசன் காதை அடைத்துக்கொண்டார். எனக்கு எல்லாம் தெரிய வேண்டும். அப்படியே பிறந்துவிட்டேன்.

குளிர்காலத்தில் அதைப் பீர்மேட்டில் நிறுத்துவோம். மழைக்கு முன்னால் முண்டக்கயத்துக்கு இறக்கிவிடுவோம்.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம் இறக்கினோம். நானும் முன்சீட்டில் இருந்தேன். குட்டிக்கானம் தாண்டி மலை இறங்கத் தொடங்கியதுமே தீய்ந்த வாடை வந்தது. தாசன் பிரேக்கை மிதிக்கிறார், பிக்கப் நிற்கப் பார்க்கிறது, பின்னால் இருக்கிற பாரம் விடவில்லை. முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல் தள்ளியது. வளைவில் ட்ரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. எதிரே அரசு பஸ். "ஏசப்பா!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. தாசன் வண்டியை மலைப் பக்கத்து ஓடைக்குள் ஒடித்துவிட்டார். பாறையில் உரசி நின்றது. பஸ் எங்களைத் தொடாமல் போய்விட்டது.

இறங்கிப் பார்த்தால் அவர் கை நடுங்கிக்கொண்டே இருக்கிறது. வேறு டிரைவர் வந்துதான் வண்டியைத் திரும்ப மேலே ஏற்றினார்.

அதற்குப் பிறகு தாசன் சாவியைத் தொடவில்லை. எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து தேயிலைக் காட்டையே பார்ப்பார். சோறு போட்டால் தின்பார். இருபது வருடமாக இந்த மலையில் வண்டி ஓட்டிய மனுஷன், பக்கத்துக் கடைக்குக்கூட நடந்துதான் போனார். அவரை அப்படிப் பார்த்து நான் அழாத நாள் இல்லை. "ஜெபம் பண்ணுங்க" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி, ஜெபம் பண்ணுனா பிரேக் பிடிக்குமா?" என்றார்.

நானும் விடவில்லை. "பிரேக்கை மாத்துவோம். ஜெபமும் பண்ணுவோம்."

பீர்மேட்டில் முருகையா அண்ணன் பட்டறையில் வேலை தொடங்கியது. நான் தினமும் டீ கொண்டுபோகும் சாக்கில் போய் நின்றுவிடுவேன். ட்ரெய்லருக்கு அடியில் பாரம் தாங்குகிற பழைய லீஃப் பட்டைகளை எடுத்துவிட்டுத் தடிமனான புதுப் பட்டைகள் போட்டார். ஆட்டத்தை அடக்க நான்கு சக்கரத்துக்கும் ஷாக் அப்சார்பர் வைத்தார். பிரேக் டிரம்மைப் பெரிதாக மாற்றினார். அண்டாவைக் கவிழ்த்த மாதிரி இருந்த டிரம்மைத் தரையில் வைத்து எனக்கு விளக்கினார்.

"இது சக்கரத்தோட சேந்து சுத்தும், தங்கச்சி. உள்ள இருக்க ஷூ விரிஞ்சு இதைப் பிடிக்கும். இந்தா, உள்பக்கம் பளபளன்னு இருக்குல்லா? இதுதான் உசிரைப் பிடிக்கிற இடம்."

இந்த வார்த்தை என் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அன்று நான் செய்த ஜெபம் இதுதான்: "ஆண்டவரே, இந்த வண்டியில் எந்தக் கோளாறு மறைஞ்சிருந்தாலும், மலை இறங்குறதுக்கு முன்னால எங்க கண்ணுக்குக் காட்டும்."

பாஸ்டர் ஐயா ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் வீட்டில் ஒரு குப்பி இருந்தது. வண்டிக்குப் பூச வேண்டும் என்று நினைத்தேன். வெளியே பூசினால் இந்த ஊர் மழைக்கு எத்தனை நாள் நிற்கும்? உயிரைப் பிடிக்கிற இடம் எது என்றுதான் அண்ணன் காட்டிவிட்டாரே! மறுநாள் அவர் டீ குடிக்க உட்கார்ந்த நேரம், நான்கு டிரம்மின் உள்பக்கமும் ஜெபித்து ஜெபித்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். இப்போதே சிரிக்காதீர்கள். இன்னும் இருக்கிறது.

சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். அடுத்த நாள் காலையில் பட்டறைக்குப் பக்கத்து மைதானத்தில் ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி தாசனை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தோம். மெதுவாக உருட்டினார். பிரேக்கை மிதித்தார்.

ட்ரெய்லர் தள்ளியது. அதே தள்ளு.

தாசன் கதவைத் திறந்து இறங்கியவர், முகம் வெளிறிப்போய், "முடிஞ்சு போச்சு" என்றார். "இது என்னைக் கொல்லாம விடாது. வித்துருவோம்." அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஆண்டவரே, நான் என்ன கேட்டேன், நீர் என்ன செய்கிறீர் என்று மனசுக்குள்ளே சண்டை போட்டேன்.

முருகையா அண்ணனுக்கு நம்பவே முடியவில்லை. ஒரு சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தார். உள்ளே எண்ணெய் மினுங்குகிறது. விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "கிரீஸும் இல்ல, பிரேக் ஆயிலும் இல்ல. வாசனையா இருக்கே! இது என்ன எண்ணெய்?"

"அது நான் பூசுனது அண்ணே. ஜெப எண்ணெய்."

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பிரேக் பிடிக்கிற இடத்துல எண்ணெய் தடவுன ஆளை இப்பத்தான் பாக்கேன்! முருகா! ஏன் தங்கச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? ஆயிரம் கேள்வி கேட்டியே, இதைக் கேக்கலியே!"

தாசன் புல்லில் இருந்தே கத்தினார். "பிரேக் பிடிக்க ஜெபம் பண்ணுதேன்னு சொல்லிட்டு, பிடிச்ச பிரேக்கையும் விட வச்சிருக்கா!"

எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேறு வழி இல்லை. நான்கு சக்கரத்தையும் திறந்து, டிரம்மைப் பெட்ரோலால் கழுவி, ஷூவில் ஒட்டியிருக்கிற, எண்ணெய் ஊறிய லைனிங்கை மாற்ற வேண்டும். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். முன்பக்கம் இரண்டும் முடிந்தது. பின்பக்கம் இடது சக்கரத்துக்கு வந்தார். நடுவில் இருக்கிற கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்தார்.

முணுமுணுப்பு நின்றுவிட்டது.

"தாசா, இங்க வா" என்றார். குரலே மாறிவிட்டது.

நானும் குனிந்து பார்த்தேன். சக்கரத்தை அச்சில் பிடித்து வைக்கிற பெரிய நட்டு. அது கழன்று வராமல் இருக்க, குறுக்கே ஒரு கம்பிப் பின்னைச் சொருகி வளைத்துவிட வேண்டும். மற்ற சக்கரங்களில் பார்த்தேனே, இருந்தது. இதில் இல்லை. அண்ணன் இரண்டு விரலால் திருப்பினார். பாட்டில் மூடி மாதிரி நட்டு சுற்றியது.

"நேத்து இதை மாட்டும்போது கரண்ட் போச்சு" என்றார். "வெளிச்சம் வந்ததும் பின்னைப் போடலாம்னு மூடியை மாட்டி வச்சேன். மறந்துட்டேன், தாசா. மலையில போயிருந்தா சக்கரம் தனியா ஓடியிருக்கும்."

அந்தப் பெரிய மனுஷன் கண்ணில் தண்ணீர். புதுப் பின்னைச் சொருகி, வளைத்து, எங்கள் இரண்டு பேரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டுப் பார்த்தோம்.

பிரேக் நன்றாகப் பிடித்திருந்தால் அந்த மூடியை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். என் எண்ணெயால்தான் திறந்தார்கள். எண்ணெயை உள்ளே தேய்க்க வைத்தது ஆண்டவரா, என் கிறுக்கா? பாஸ்டர் ஐயாவிடமும் கேட்டேன். "ரெண்டையும் அவர் பயன்படுத்துவாரும்மா, ஆனா இனிமே மெக்கானிக்கைக் கேட்டுட்டுப் பூசு" என்று சிரித்தார். எனக்கு இன்றைக்கும் முழுசாக விளங்கவில்லை. ஆனால் கேட்டது நடந்தது. மறைந்திருந்த கோளாறு மலை இறங்கும் முன்னே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லாம் சரிசெய்து, மைதானத்தில் ஓட்டினோம். மிதித்த இடத்தில் நின்றது. பிறகு ஒரு காலையில் குட்டிக்கானம் வந்தோம். இறக்கம் தொடங்குகிற இடத்தில் தாசன் வண்டியை ஓரங்கட்டினார். எனக்குத் திக்கென்றது. மறுபடியும் பயந்துவிட்டாரோ?

"எஸ்தரு, அந்த எண்ணெய் மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

இரண்டு கையையும் நீட்டினார். "நடுங்குது. இதுல பூசு."

"ஸ்டியரிங் வழுக்கும்ங்க" என்றேன். நானும் படித்துவிட்டேனே! "நெத்தியில பூசுதேன்."

தலையைக் குனிந்தார். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் எனக்கு முன்னால் அப்படிக் குனிந்ததே இல்லை. பூசிவிட்டேன். சின்ன கியரில் மெல்ல இறங்கினோம். அந்த வளைவு வந்தது. மிதித்தார். பின்னால் இருந்து தள்ளவில்லை, ஆடவில்லை. முண்டக்கயம் போய் ட்ரெய்லர் கதவைத் திறந்து பார்த்தேன். முன்பெல்லாம் இறங்கி முடித்தால் தரையெல்லாம் கண்ணாடித் துண்டாகக் கிடக்கும். அன்றைக்கு டீ கிளாஸ் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் அங்கேயே முழங்கால் போட்டு அழுதேன்.

கேட்டது தலைகீழாக நடக்கிறதே என்று உங்களில் யாராவது உடைந்துபோய் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். அவரிடம் தாராளமாகக் கேள்வி கேளுங்கள், சண்டைகூடப் போடுங்கள். என்னைப் பொறுத்துக்கொண்ட ஆண்டவர் உங்களையும் பொறுத்துக்கொள்வார்.

இன்றைக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. ஆனாலும் கதவோரம், கடைசி வரிசையில் தாசன் வந்து உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார். அவர் நெற்றியில் மினுங்குகிறதே, வியர்வை என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் அவரே குப்பியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.