மழை பிடித்து வைத்த அப்பா

என் மூத்த மகளுக்கு ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. அப்போது நாங்கள் செல்லூரில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பஞ்சாலையில் வேலை. விடியற்காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். திரும்பும்போது பிள்ளை தூங்கியிருப்பாள். லீவு நாளில்கூடப் பாதி நேரம் அசந்து படுத்திருப்பார். அதனால் மகளுக்கு அவர் யாரோ ஒரு ஆள். தூக்க வந்தால் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். "சரி சரி, நான் தூக்கல" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார். சிரித்துக்கொண்டேதான் போவார். பார்க்கிற எனக்குத்தான் மனசு என்னவோ செய்யும்.

அந்தத் தீபாவளிக்குத் திருமங்கலத்தில் இருக்கிற என் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தோம். பேத்தி நடப்பதை அம்மா இன்னும் பார்த்ததில்லை. பிள்ளைக்குச் சிவப்புப் பூப்போட்ட சீட்டித் துணியில் பாவாடை தைத்து வைத்திருந்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. புயல் என்றார்கள். பஸ் உண்டா என்று கேட்டுவரப் போன என் வீட்டுக்காரர் தொப்பலாக நனைந்து திரும்பினார்.

"ரோட்டுக்கு மேல தண்ணி போகுதாம். பஸ் விடமாட்டாங்களாம்."

நான் மூட்டையை அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இந்த ஆள்தான் அம்மாவை அழவைத்தான் என்று முடிவுகட்டி, கையிலிருந்த அகப்பையால் அவர் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்தாள். அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

தீபாவளி லீவோடு மழையும் சேர்ந்துகொள்ள, ஆலையைச் சில நாள் மூடிவிட்டார்கள். பக்கத்து நெசவுக்கார வீடுகளில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டதால் தறிச் சத்தமும் இல்லை. காற்று ஓட்டைத் தள்ளித் தள்ளி எங்கள் வீட்டுக்குள் பல இடத்தில் ஒழுகியது. அண்டா, குண்டான், செம்பு என்று கிடைத்ததையெல்லாம் வைத்தோம். மகளுக்கு அதுதான் பண்டிகை. ஒவ்வொரு பாத்திரமாகப் போய்க் கையைவிட்டு அளைந்தாள். பின்னாலேயே துண்டோடு அவர் நடந்தார், இரண்டு முழம் தள்ளியே. நெருங்கினால் கத்துவாளே என்கிற பயம்.

தீபாவளியன்று விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. நான் அடுப்பை ஊதி ஊதிக் கண் எரிந்து நிற்க, எண்ணெய் வைத்த பிள்ளை வழுக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். அவர் அவளைப் பிடித்து, பெண்பிள்ளைகள் செய்வதுபோலக் காலை நீட்டி உட்கார்ந்து, காலின்மேல் அவளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். வீறிட்டாள். அவர் விடவில்லை. வெந்நீரை உள்ளங்கையில் வாங்கி வாங்கி முதுகில் விட்டுத் தேய்த்தார். நெருப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏத்தா, உன் வீட்டுக்காரரு இனிமே பேறுகாலமும் பாப்பாரு போலயே!"

"கூப்பிட்டா வாரேன்க்கா" என்றார் அவர், தலையைத் திருப்பாமல்.

அழுகை எப்போது நின்றது என்று தெரியவில்லை. துவட்டித் தூக்கியபோது அவர் மீசையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்கி வைத்திருந்த வெடி ஒன்றுகூட வெடிக்கவில்லை. திரியைக் கிள்ளிக் கிள்ளிப் பற்றவைத்துச் சலித்துப்போனார். மழை சற்று வெறித்ததும் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே போனவர், வேலியோரம் காய்த்துக் கிடந்த சொடக்குத் தக்காளியை வேட்டி மடி நிறையப் பறித்து வந்தார். கூடுபோல உப்பியிருக்கும் அந்தக் காயைத் தன் நெற்றியில் ஓங்கி அடித்தார். டப்! மகள் திடுக்கிட்டாள். அப்புறம் கெக்கெக்கே என்று சிரித்தாள். இன்னொன்றை அவள் கையில் கொடுத்து அவர் நெற்றியை நீட்டினார். அவளே அடித்தாள். காய் நசுங்கியது, சத்தம் வரவில்லை. அவர் வாயாலேயே "டப்" என்றார். சாயங்காலம்வரை அவர் நெற்றியெல்லாம் பச்சைக் கறை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவருக்கு அவள் வைத்த பெயர் 'டப்பு'.

அன்றைக்கே பெரிய இடி ஒன்று இடித்தது. நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். பிள்ளை என்னைத் தாண்டி ஓடி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷந்தான். ஆனாலும் ஒரு கணம் உள்ளே சுருக்கென்றது. நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொடியில் கிடந்த ஈரப் பாவாடையை எடுத்துப் பிழிந்தேன். அவரோ மூச்சுவிடக்கூடப் பயந்தவர்போல அசையாமல் நின்றார்.

மழை விட்டது. சங்கு ஊத ஆரம்பித்தது. முன்பெல்லாம் பிள்ளை விழித்துவிடக் கூடாதென்று விரல் நுனியில் நடந்து போவார். இப்போது கிளம்புமுன் அவளை எழுப்பி ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவள் வாசல்வரை வந்து அழுது தீர்ப்பாள். எனக்குக் கோபம் வந்தது.

"தூங்குற பிள்ளைய எழுப்பி எதுக்கு அழவிடுறீங்க? பெறகு நாந்தான அமத்தணும்?"

"அழட்டும் புள்ள" என்றார். "போறது அப்பன்னு தெரிஞ்சு அழுறா. எனக்கு அது வேணும்."



கார்த்திகைக்குத்தான் திருமங்கலம் போக முடிந்தது. அம்மா ஆசையாகக் கையை நீட்டினாள். பேத்தி போகவில்லை. மாமனார் வீட்டில் மாப்பிள்ளையாகப் பாயில் சாய்ந்து மரியாதையாக உட்கார்ந்திருக்க வேண்டியவர், இருந்த நேரமெல்லாம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தார். அடுப்படிக்குள்ளும் அப்படியே நுழைந்துவிட்டார். மாப்பிள்ளை முன்னால் நிற்கவே கூசுகிற என் அம்மா, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு என் காதில், "அம்புட்டுப் பிரியமாடி அவருக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவருக்குக் கேட்கும்படியாக, "தோசை ஊத்தித் தாரேன், அப்பனும் மகளும் இங்கயே உக்காந்து சாப்பிடுங்க" என்றாள். அவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.