பிஸ்கட் டப்பாவில் கிடந்த சாவி

எறும்பு தும்மினால் எந்தக் காலால் மூக்கைத் துடைத்தது என்று சொல்லக்கூடிய கண் அவளுக்கு. அதனால்தான் ஊசிக்கண் அக்கா. மிகை என்று தோன்றினால் எறும்பில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய கணினி பழுதுபார்க்கும் கடையில் ஒரு பிடிவாதம் உண்டு. கழற்றிய பழைய மதர்போர்டை, சொந்தக்காரர் தன் கோப்பைத் தானே திறந்து பார்க்கும்வரை பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பாள். "செத்த போர்டுக்கு எதுக்குக்கா காவல்?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி சிரிப்பான். சிரித்துக்கொண்டே டப்பாவிலும் போடுவான். அக்கா என்றால் அவ்வளவு பயம்.

அவள் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளில், தண்ணீர் பட்ட ஒரு மடிக்கணினிக்குத் தம்பி புதுப் போர்டு மாட்டி அனுப்பிவிட்டான். நான்காம் நாள் காலை அக்கா கடைக்குத் திரும்பியதும் அதன் சொந்தக்காரியான சைகைமொழி டீச்சர் வந்து நின்றார்.

"திறந்தா நாப்பத்தெட்டு இலக்கத்துல ஏதோ மீட்பு எண் கேக்குதும்மா. நான் எங்க போவேன்? பதினோரு வருஷமா எடுத்த சைகை அகராதி, அத்தனை வீடியோவும் உள்ள இருக்கு."

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. வீடியோக்கள் இருக்கும் வட்டின் பூட்டைத் திறக்கும் சாவி, பழைய போர்டில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புச் சில்லுக்குள், அந்தக் குட்டி சிப்புக்குள் இருந்தது. புதுப் போர்டைக் கண்டதும் கணினி சொந்தக்காரியையே திருடியாக நினைத்துவிட்டது.

"டப்பாவ எடுடா," என்றாள் அக்கா.

பழைய போர்டின் மேல் ஸ்பிரிட்டைத் தடவி, மெல்ல மின்சாரம் கொடுத்தாள். எல்லா இடமும் ஈரமாக இருக்க, கடுகளவு உறுப்பு ஒன்று மட்டும் சூடேறிச் சட்டென்று காய்ந்தது. "மாட்டினியா திருட்டுப்பயலே!" அதைப் பெயர்த்தெடுத்து வேறொன்று பற்றவைத்தாள். பழைய போர்டு தன் இடத்துக்குத் திரும்பியது. திரை எண் எதுவும் கேட்காமல் திறந்தது. முதல் வீடியோவில் பதினோரு வயது குறைந்த டீச்சர் கையசைத்தார். இன்றைய டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுகை அப்புறம், டீச்சர். கணினிதான் திறந்தாச்சே, முதல்ல அந்த நாப்பத்தெட்டு இலக்கத்தையும் அதுலயே பாத்துக் காகிதத்துல எழுதுங்க. வீடு உங்களுது, சாவி மட்டும் சில்லுகிட்ட இருக்கலாமா?"

டீச்சர் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை நீட்டினார். "இது உன்கிட்டயே இருக்கட்டும்மா."

"ஐயோ, வேண்டாம்! ஒரு காவல்காரன்கிட்ட படுற பாடு போதாதா? நான் வேறயா? உங்க சாவி, உங்க பெட்டியில இருக்கட்டும்."

டீச்சர் போனதும், தம்பி சத்தமில்லாமல் தன் கணினியைத் திறந்து திரையைப் பார்த்துப் பார்த்து ஒரு காகிதத்தில் எழுதத் தொடங்கினான்.

"என்னடா எழுதுற?"

"ஒண்ணுமில்லக்கா… நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

ஊசிக்கண் அக்கா பெருமையோடு திரும்பிக்கொண்டாள்.