உம் கொட்டாதவள்

வியாழன் மாலை நாலு மணிக்கு டெலிபோன் பூத்துக்குள் நுழைந்ததும் ஜெயக்கொடி முதலில் மின்விசிறியை நிறுத்துவாள். வேர்த்துக் கொட்டினாலும் சரி. “காத்தா அவுங்க காதுக்குப் போவுது? சத்தம்தான் போவுது, கமால் பாய்” என்பாள் பூத்துக்காரரிடம்.

ராயபுரம் கிடங்கொன்றில் கிழிந்த கோணிகளைத் தைப்பது அவள் வேலை. கணவன் மாசானம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனவன், பிரிந்து அங்கேயே தங்கிவிட்டான். ஏழு வயது மகள் பூமாரி யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு. கோர்ட்டுக்குப் போகுமுன் பேசித் தீர்க்க வக்கீல் தேவப்பிரியத்தை இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அவரும் மாசானமும் அங்கே ஸ்பீக்கர் போன் வைத்த ஒரே மேசையில். இவள் இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள்.

முதல் வாரம் ஏமாந்தாள். குழந்தை தூத்துக்குடியில் வளரட்டும், கோடை விடுமுறைக்கு ராயபுரம் வரட்டும் என்று வக்கீல் நீளமாகச் சொன்னார். யார் பேசினாலும் கொட்டுவது போல இவளும் நீளமாக உம் கொட்டினாள். நாலாம் நாள் தபாலில் வந்த காகிதத்தைக் கமால் படித்துக் காட்டினார்: ‘தாயார் ஒவ்வொன்றுக்கும் சம்மதம் தெரிவித்தார்.’

அதோடு உம் நின்றது. வக்கீல் பேசும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். “லைன்ல இருக்கியாம்மா?” என்று அவர் பதறுவார். “கீறேன் சார். கேட்டுகினு கீறேன். ஒத்துக்கல.” மூன்றையும் சேர்த்தேதான் சொல்வாள்.

எடுத்த எடுப்பில், “ரூம்ல யார் யாரு கீறீங்க?” என்பாள். ஒரு வாரம் இரண்டே பேர் என்றார்கள். நடுவில் ஒரு இருமல். “இன்னா அத்தே, மாத்திர போட்டுக்கலியா?” அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

சாக்குத் துண்டில் மூன்று கரிக்கோடு போட்டு எடுத்து வருவாள்: பள்ளிக்கூடம், பரீட்சை, காய்ச்சல். ஒன்று முடிந்தால்தான் அடுத்த கோட்டுக்கு விரல் நகரும். மாசானம் கத்தினால் ரிசீவரைத் தள்ளிப் பிடித்து, ஓய்ந்ததும் காதில் வைப்பாள். “முடிச்சிட்டியா? மெதுவா இன்னொரு தபா சொல்லு.”

போன வியாழன் பூத்துக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். மாசானம், “ஏட்டி, அன்னைக்கு நீதான உம்முன்ன?” என்றான்.

“உம்முன்னா காது கேக்குதுன்னு அர்த்தம்யா. புள்ளயக் குடுத்தேன்னு இல்ல. அவ இங்கதான் படிப்பா. நீ வந்து பாரு, வாணான்னு சொல்லல.”

அந்தப் பக்கம் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு வக்கீல் செருமினார். “சரிம்மா, பிள்ள உங்கிட்டயே இருக்கட்டும். மாசானமும் தலையாட்டிட்டாரு.”

“தலையாட்டுனது எனக்குத் தெர்ல சார். வாயால சொல்லச் சொல்லுங்க.”

“இருக்கட்டும்” என்றான் மாசானம்.

“சத்தமா.”

“இருக்கட்டும்ட்டி!”

“சார், அந்தப் பழைய காயிதத்தக் கிழிங்க.”

“கிழிச்சிட்டேம்மா.”

“எனக்குக் கேக்கலியே. போனுகிட்ட வெச்சுக் கிழிங்க.”

சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவை முழங்கையால் தள்ளித் திறந்து, வயர் எட்டிய மட்டும் ரிசீவரை வெளியே நின்ற நாலு பேர் காதுக்கும் நீட்டிப் பிடித்தாள்.